நாலாவது மெஷினின் கறுப்பு டேப்

படத்தைப் பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. சாம்பல் நிற இரும்புப் பெட்டி. முகப்பில் பெயர்த்தகடு இருந்த இடத்தில் நான்கு திருகு ஓட்டைகள் மட்டும் இருந்தன. பக்கவாட்டில் காற்றுப் போவதற்காக வரிசையாகத் துளைகள். கீழ்வரிசையில் ஏழாவது துளை மட்டும் கோணலாக, இரண்டு துளைகள் ஒட்டிப் பிறந்த மாதிரி இருந்தது. டிரில் என் கையிலிருந்து வழுக்கிய இடம் அது. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. அதற்காக வாங்கிய திட்டு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

படத்தைப் போட்டிருந்தவர் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியின் அருங்காட்சியகப் பொறுப்பாளர். முப்பது வருடம் நூலகராக இருந்தவரின் தலையில், ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும்போது, இந்தப் பழைய சாமான்களைக் கட்டிவிட்டிருந்தார்கள். "கிடங்கைக் காலி செய்தபோது கிடைத்தது. ஆசிரியர் பெயர் இல்லை, பதிப்பகம் தெரியவில்லை. யாராவது உதவ முடியுமா?" என்று கேட்டிருந்தார்.

பழைய கம்ப்யூட்டர்களுக்கு ஊர் பேர் கண்டுபிடிப்பதற்கென்றே இணையத்தில் எங்களுக்கு ஒரு குழு இருக்கிறது. வீட்டில் வைத்து விளையாடிய கம்ப்யூட்டர் என்றால் ஐந்து நிமிடத்தில் பத்துப் பேர் பதில் சொல்லிவிடுவார்கள். வொர்க்ஸ்டேஷன் அப்படி இல்லை. வரைபடம் போடுகிறவருக்கு, பாலம் கட்டுகிறவருக்கு என்று தனியாகச் செய்த மெஷின் அது. ஒருவர் உட்கார்ந்து வேலை பார்க்க அவ்வளவு பெரிய பெட்டி. பத்து மெஷின் செய்துவிட்டுக் கடையைச் சாத்திய கம்பெனிகள் உலகம் பூராவும் உண்டு. அவற்றுக்கு விளம்பரமும் இருக்காது, கையேடும் கிடைக்காது. உள்ளே இருக்கிற சிப்புகளைப் பார்த்துத்தான் ஜாதகம் கணிக்க வேண்டும். ஒவ்வொரு சிப்பின் முதுகிலும் நாலு இலக்கம் இருக்கும். 8914 என்றால் எண்பத்தொன்பதாம் வருடம், பதினான்காவது வாரம். அதை வைத்தே நான் பல மெஷின்களின் வயதைச் சொல்லியிருப்பதால் குழுவில் எனக்கு 'டேட்கோட் அக்கா' என்று பெயர். என் சொந்தப் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது.

குழுவில் ஒரு கறாரான விதி உண்டு. 'எனக்குத் தெரியும்' என்பதெல்லாம் செல்லாது. உள்பலகையின் படம், சிப்புகளின் தேதி, நினைவகத்தில் எழுதியிருப்பதைப் படித்தெடுத்த நகல், இந்த மூன்றும் இருந்தால்தான் அந்த மெஷினுக்குப் பெயர் வைப்போம். செய்தவனே நேரில் வந்து சொன்னாலும் அப்படித்தான். அதனால் நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தாலும் அன்று நல்ல வார்த்தை வந்திருக்காது.

மூன்றாம் நாள் அத்தான் எழுதினார். என் அக்காவின் கணவர். அவர் அந்தக் குழுவில் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"இது என் மூளையில் பிறந்த குழந்தை. நிலப்படம் வரைவதற்காக நாங்கள் ஆறு மெஷின்கள் செய்தோம். நில அளவை அலுவலகத்தில் அதிகாரிகள் முன்னால் ஓட்டிக் காட்டிய நாளில் மெஷின் நின்றுபோனது. நிரல் எழுதியது எங்கள் குடும்பத்துப் பெண். அனுபவம் போதாது, சரிபார்க்காமல் விட்டுவிட்டாள். ஒரு கம்பெனியே மூழ்கியது. அவளை என்றோ மன்னித்துவிட்டேன்."

கீழே வரிசையாகக் கும்பிடு போட்டிருந்தார்கள். 'உங்களுக்குப் பெரிய மனசு சார்' என்று ஒருவர் உருகியிருந்தார். ஆதாரம் எங்கே என்று இன்னொருவர் கேட்டதற்கு, அன்றைக்குப் பத்திரிகைக்காரர் எடுத்த புகைப்படத்தைப் பெரிய அளவில் ஸ்கேன் செய்து போட்டிருந்தார் அத்தான். மூடியைத் திறந்த மெஷின். அதன் பலகையை விரலால் சுட்டிக்கொண்டு அத்தான். பக்கத்தில் புது உடையில் அக்கா. நான் படத்தில் இல்லை. மெஷினுக்குப் பின்னால், பிளக் அருகே குனிந்து நின்றிருந்தேன்.

மன்னித்துவிட்டாராம். அதைச் சத்தம் போட்டுப் படித்துக் காட்டினேன்.

"விட்டுத் தொலையேன். முப்பத்தஞ்சு வருஷம் ஆச்சு" என்றார் என் வீட்டுக்காரர்.

"முப்பத்தஞ்சு வருஷத்துல ஒரு நாளாவது உங்க மேல யாராவது அநியாயமா பழி போட்டிருக்காங்களா?"

"நீ தினம் போடறியே" என்று சொல்லிவிட்டு அவர் செய்தித்தாளுக்குள் போய்விட்டார்.

அந்தக் கம்பெனி ஒரு தையல் மெஷின் கடையின் மாடியில் இருந்தது. கீழே நாள் முழுக்கத் தையல் மெஷினை ஓட்டிக் காட்டுவார்கள், மேலே எங்கள் மேசை அதிரும். அத்தான் மின்சுற்றுப் பலகையை வடிவமைத்தார். நான் நிரல் எழுதினேன். அக்கா கடிதம், கணக்கு, மெஷினுக்கு முத்திரை எல்லாம் பார்த்தாள். முத்திரை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மூடியைத் திருகிய பிறகு ஒவ்வொரு திருகின் தலையிலும் ஒரு சொட்டு நகச்சாயம் வைப்பாள். வாங்கியவர் திறந்து நோண்டினால் சாயம் உடைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

என் நிரல் ஈப்ராம் என்கிற ஒரு சிப்பில் இருந்தது. அதன் நடுவில் நகத்தளவு கண்ணாடி ஜன்னல் இருக்கும். உள்ளே எழுதியதை அழிக்க வேண்டுமானால் அந்த ஜன்னல் வழியாகப் புற ஊதா வெளிச்சம் காட்ட வேண்டும். அதனால் எழுதி முடித்ததும் ஜன்னலை ஒட்டுத்தாளால் மூடிவிடுவது வழக்கம். ஒட்டுத்தாளில் எழுதியவர் பெயரும் எத்தனையாவது பதிப்பு என்பதும் இருக்கும். என் சிப்புகளில் என் பெயர் இருந்தது. மெஷினில் என் பெயர் இருந்த ஒரே இடம் அதுதான்.

அன்று நில அளவை அலுவலகத்தில் நாற்பது நிமிடம் மெஷின் அழகாக ஓடியது. படம் எடுக்க வேண்டும், மூடியைத் திறங்கள் என்றார் பத்திரிகைக்காரர். அத்தான் திறந்தார். படம் எடுத்தார்கள். திரை உறைந்து நின்றது. அணைத்துவிட்டு மறுபடி போட்டோம். நின்றுபோன மெஷின் அல்லவா, பத்திரிகைக்காரருக்குக் குஷி, இன்னும் இரண்டு படம் எடுத்தார். மறுபடி நின்றது. மூன்றாவது தடவையும் நின்றதும் அதிகாரிகள் எழுந்து போய்விட்டார்கள். அன்று மாலை மாடிக்குக் கொண்டுவந்து போட்டால் பொழுது விடிகிறவரை நிற்காமல் ஓடியது. காரணம் யாருக்கும் புரியவில்லை. காரணம் புரியாவிட்டால் நிரல்மேல் போடுவதுதானே சுலபம். மறுநாள் காலை, "உன் புரோகிராம்தான். வீட்டுக்குப் போ" என்றார் அத்தான். நாலு மாதத்தில் கம்பெனியை மூடினார்கள். அத்தான் பெரிய கம்பெனி ஒன்றில் சேர்ந்து உயர உயரப் போனார்.

எனக்கு அதன் பிறகு நிரல் எழுத யாரும் வேலை தரவில்லை. விசாரிக்கிற இடத்திலெல்லாம் அத்தானின் பேச்சு எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. லிஃப்டுகளின் கட்டுப்பாட்டுப் பலகைகளைப் பழுது பார்க்கிற வேலைக்குப் போனேன். என் கல்யாணத்துக்கு அக்கா வரவில்லை. அப்பா என்னோடு பேசுவதை நிறுத்தவில்லை, அதுதான் கொடுமை. சாப்பிடும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, எதையோ பேசிக்கொண்டே வந்து, "ஒரு தடவ சரிபாத்திருக்கலாமேம்மா" என்பார். நான் பதினேழு தடவை சரிபார்த்திருந்தேன். ஒன்பது வருடம் அப்படியே சொல்லிக்கொண்டிருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அவர் என்னை அடித்திருந்தால்கூடத் தேவலை.

எனக்கு வேண்டியது மெஷினின் பெயர் இல்லை. நான் தப்புச் செய்யவில்லை என்பது அத்தான் வாயால் வர வேண்டும். அதை அக்கா தன் காதால் கேட்க வேண்டும். அதற்காக நான் விடுப்பு எடுத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனேன்.

பொறுப்பாளர் ஒல்லியான மனிதர். அருங்காட்சியகம் என்பது பழைய வரைகலை வகுப்பறை. ஜன்னலோரம் தூசித் திரை, நடுவில் நாலு மேசை. ஒவ்வொரு மெஷினிலும் நூலகப் புத்தகம் மாதிரி எண் ஒட்டியிருந்தார்.

"நீங்கதான் டேட்கோட் அக்காவா? ஸ்விட்ச் போட்டுப் பாத்துரலாமா?" என்றார்.

"தொட்டீங்கன்னா பாருங்க. முதல்ல திறக்கணும். பேட்டரி ஒழுகி பலகைய தின்னிருக்கும். பவர் சப்ளைல கெபாசிட்டர் உப்பியிருக்கும். அப்படியே போட்டா புகைதான் வரும்."

திறக்குமுன் திருகுகளைப் பார்த்தேன். ஆறு திருகுகள், ஆறிலும் பழைய ரத்தத்தின் நிறத்தில் ஒரு சொட்டு. அக்காவின் நகச்சாயம். ஒன்றுகூட உடையவில்லை. ஒவ்வொன்றையும் தேதியோடு படம் எடுத்துக்கொண்டேன்.

"இது எப்ப காலேஜுக்கு வந்துச்சு?"

அவர் பதிவேட்டைக் கொண்டுவந்தார். நூலகர் அல்லவா, எதையும் தொலைக்கவில்லை. கம்பெனி மூடியபோது அத்தான் இலவசமாகக் கொடுத்திருக்கிறார். அதிகாரிகள் முன்னால் ஓட்டிக் காட்டிய நாளிலிருந்து மூன்று மாதம் இருபது நாள் கழித்து. வரிசை எண் நாலு. அதாவது அன்றைக்கு நின்றுபோன அதே மெஷின். வரைகலை வகுப்பில் எட்டு வருடம் ஓடியிருக்கிறது. பழுது என்கிற இடத்தில் 'ஒன்றுமில்லை' என்று எட்டு வருடமும் எழுதியிருந்தது.

எட்டு வருடம் பழுதில்லாமல் ஓடியிருக்கிறது என் நிரல். அதைப் படித்ததும் மேசையில் ஓங்கி ஒரு அடி அடித்தேன். பொறுப்பாளர் பயந்துபோய் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

சாயத்தை உடைத்து மூடியைத் தூக்கினேன். பேட்டரி கொஞ்சம்தான் ஒழுகியிருந்தது. சிப்புகளில் 8902, 8911, 8914. எல்லாம் எனக்குப் பழகிய முகங்கள். கடைசியாக என் ஈப்ராமைத் தேடினேன். என் பெயர் எழுதிய ஒட்டுத்தாள் அதில் இல்லை. ஜன்னலின்மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. மின்கம்பியில் சுற்றுகிற டேப், இரண்டு அடுக்கு, நான்கு ஓரமும் நகத்தால் அழுத்தி ஒட்டியிருந்தது. டேப்பை மெதுவாக உரித்தேன். கண்ணாடியைச் சுற்றி என் ஒட்டுத்தாளின் பசை மஞ்சளாகக் காய்ந்திருந்தது. கிழித்தபோது மிஞ்சிய ஒரு காகிதத் துணுக்கில் என் பெயரின் முதலெழுத்தில் பாதி இருந்தது.

நான் அத்தான் போட்ட புகைப்படத்தைப் போனில் திறந்து பெரிதாக்கினேன். பலகை, அத்தானின் விரல், விரலுக்குக் கொஞ்சம் தள்ளி என் சிப். அதில் ஒட்டுத்தாளும் இல்லை, டேப்பும் இல்லை. திறந்த ஜன்னலில் ஃபிளாஷ் வெளிச்சம் ஒரு வெள்ளைப் பொட்டாகத் தெறித்துக்கொண்டிருந்தது.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. படத்தில் என் பெயர் விழக் கூடாது என்று மூடியைத் திறந்த கையோடு ஒட்டுத்தாளைக் கிழித்திருக்கிறார். கேமரா ஃபிளாஷ் அடித்தால் திறந்த ஜன்னல் உள்ள ஈப்ராம் ஒரு கணம் தடுமாறும். எழுதியது அழியாது, ஆனால் அந்தக் கணத்தில் படிப்பது தப்பாகிவிடும். ஓடிக்கொண்டிருக்கும் மெஷின் அதோடு நிற்கும். எங்கள் தொழிலில் சில பேர் பட்டுத் தெரிந்துகொண்ட விஷயம். அன்று எனக்குத் தெரியாது, அத்தானுக்கும் தெரியாது. அதுவரை அது விபத்து.

ஆனால் அந்தக் கறுப்பு டேப் விபத்து இல்லை. காரணம் வெளிச்சம்தான் என்று புரியாதவன் ஜன்னலில் இரண்டு அடுக்குக் கறுப்பு டேப் ஒட்ட மாட்டான். முத்திரை உடையாததால் அது கம்பெனியிலேயே ஒட்டப்பட்டது. நான் அதற்குள் வீட்டுக்கு அனுப்பப்பட்டிருந்தேன். அந்த மூன்று மாதம் இருபது நாளுக்குள் அத்தான் காரணத்தைக் கண்டுபிடித்து, சரிசெய்து, மூடியை மூடி, அக்காவைக் கூப்பிட்டு நகச்சாயமும் வைக்கச் சொல்லியிருக்கிறார். பிறகு முப்பத்தைந்து வருடம் என்னை மன்னித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"அக்கா, தண்ணி குடிங்க" என்றார் பொறுப்பாளர்.

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டுப் பதிவேட்டை மூடிவைத்தார். "குழுவுல எழுதிடுங்களேன்" என்றார்.

"எழுதினா என்ன செய்வார்? காலேஜ் பசங்க யாரோ ஒட்டினதுன்னு சொல்லுவார், சாயம் பழசுன்னு சொல்லுவார். அவருக்கு வாய் ஜாஸ்தி. மெஷின ஓட வைக்கிறேன். அவர கூப்பிட்டு விழா நடத்துங்க. அக்காவையும் கூட்டிட்டு வரச் சொல்லுங்க. சரிபண்ணினது டேட்கோட் அக்கான்னு மட்டும் சொன்னா போதும்."

"கடைசிப் பக்கத்த முன்னாடியே சொல்றது எங்க தொழில்லயே கிடையாதுங்க" என்றார் அவர்.

ஆறு சனிக்கிழமைகள் வேலை செய்தேன். பேட்டரி ஒழுகிய இடத்தை வினிகரால் துடைத்தேன். கெபாசிட்டர்களை மாற்றினேன். ஈப்ராமைக் கழற்றி என் கருவியில் வைத்துப் படித்தேன். நிரலின் கடைசியில், அதன் எல்லா எண்களையும் கூட்டினால் வர வேண்டிய தொகையை நானே எழுதி வைத்திருந்தேன். கூட்டிப் பார்த்தேன். ஒரு எண் பிசகவில்லை. ஏழாவது சனிக்கிழமை மின்சாரம் கொடுத்ததும் திரை பச்சையாக விழித்து, வயல் வரப்புகளை ஒவ்வொரு கோடாக வரையத் தொடங்கியது. பிறகு பழைய ஃபிலிம் கேமரா ஒன்றும் அதற்கான ஃபிளாஷும் தேடி வாங்கி வந்தேன். டேப்போடு ஆறு தடவை ஃபிளாஷ் அடித்தேன், மெஷின் அசையவில்லை. டேப் இல்லாமல் ஆறு தடவை அடித்தேன், ஐந்து தடவை நின்றது. அந்த ஐந்து தடவையும் பொறுப்பாளர் கைதட்டினார்.

விழா நாளன்று காலை பதினொரு மணிக்கு வகுப்பறை நிறைந்திருந்தது. குழுவிலிருந்து இருபது பேர் வந்திருந்தார்கள், கழுத்தில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. அத்தான் கோட் போட்டுக்கொண்டு வந்தார். தலை முழுக்க நரைத்து, பார்க்க லட்சணமாகவே இருந்தார். பின்னால் அக்கா வந்தாள். முழங்கால் வலி போலிருக்கிறது, நாற்காலிகளைப் பிடித்துப் பிடித்து நடந்தாள்.

பொறுப்பாளர் என்னைக் காட்டி, "இவங்கதான் மெஷினுக்கு உயிர் குடுத்தவங்க" என்றார்.

அத்தான் ஒரு நொடி திணறினார். அடுத்த நொடியே சுதாரித்துக்கொண்டார். "நீயா? லிஃப்ட் எல்லாம் நல்லா ஏறி இறங்குதா?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சிரித்தார். அக்கா என் முகத்தைத் தவிர்த்து மெஷினைப் பார்த்தாள்.

அத்தான் பேச ஆரம்பித்தார். ஆறு மெஷின், தையல் கடை மாடி, கண்ட கனவு என்று வரிசையாக வந்தது. அவர் நன்றாகப் பேசுவார், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். கடைசியில் என் பக்கம் கையை நீட்டினார். "அன்னிக்கு தப்பு பண்ணின பொண்ணு இதோ இங்கதான் நிக்கறா. தப்ப சரிபண்ண முப்பத்தஞ்சு வருஷம் எடுத்துக்கிட்டா. பரவாயில்ல, வந்தாளே." கூட்டம் நெகிழ்ந்து கைதட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு நானும் கைதட்டினேன்.

"அத்தான், அன்னிக்கு எடுத்த மாதிரியே ஒரு போட்டோ எடுக்கலாமா? அக்கா, நீயும் வந்து பக்கத்துல நில்லு" என்றேன்.

மெஷின் மூடி திறந்து ஓடிக்கொண்டிருந்தது. திரையில் வரப்புகள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன. அத்தான் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பழையபடி நின்றார். பலகையைச் சுட்டிக்காட்ட விரலை நீட்டினார். நான் கேமராவை உயர்த்தி ஃபிளாஷின் ஸ்விட்சைப் போட்டேன். தயாராகும்போது அது மெல்லிய குரலில் கீச்சென்று ஏறும். அந்தச் சத்தம் கேட்டதும் அத்தான் குனிந்து பலகையைப் பார்த்தார். திறந்திருந்த ஜன்னல் அவர் கண்ணில் பட்டது.

அடுத்த கணம் அவர் உள்ளங்கை அந்தச் சிப்பை மூடியிருந்தது. மேடையில் பேசிய குரல் போய், பட்டறைக் குரல் வந்தது. "டேப்ப யார் எடுத்தது?"

பொறுப்பாளர் மிகவும் பணிவாக, "எந்த டேப் சார்?" என்று கேட்டார்.

"கறுப்பு டேப் ஒட்டியிருந்தேனே. ஃபிளாஷ் பட்டா நின்னுடும்யா இது" என்றார் அத்தான். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. கை மட்டும் சிப்பின் மேலேயே இருந்தது.

குழுவிலிருந்து வந்திருந்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. நடு வரிசையில் ஒருவர் போனை எடுத்து அந்தப் பழைய புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டினார். போன் கைமாறிக்கொண்டே போனது. பெரிய மனசு சார் என்று உருகியவரும் வந்திருந்தார் போல, ஒரு மூலையில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தார்.

அக்காவுக்கு ஈப்ராமும் தெரியாது, ஒன்றும் தெரியாது. ஆனால் அன்று அவள் அந்த இடத்தில் நின்றிருந்தாள்.

"போட்டோ எடுத்தப்புறம்தானே நின்னுச்சு" என்றாள் மெதுவாக. "மூணு தடவையும் அப்படித்தானே. எனக்கு கண்ணு கூசிச்சு, முழிச்சு பாத்தா திரை நின்னிருந்துச்சு. அப்ப இவ எழுதினதுல தப்பு இல்லையா?"

அத்தான் கூட்டத்தின் பக்கம் திரும்பிச் சிரிக்கப் பார்த்தார்.

"இல்லையான்னு கேக்கறேன்."

"இல்ல" என்றார் அத்தான். எனக்கு வேண்டியது அந்த ஒரு சொல். அதை அவர் தரையைப் பார்த்துச் சொன்னார்.

"எப்ப தெரிஞ்சுது உங்களுக்கு?"

"பத்து நாள்ல. ஆர்டர் அதுக்குள்ள கைய விட்டு போயிடுச்சு. அப்புறம் சொல்லி என்ன ஆகப்போகுதுன்னு..."

"இவ பேர் ஏன் அதுல இல்ல? ஒட்டியிருப்பாளே. ஒவ்வொரு மெஷினையும் மூடறதுக்கு முன்னாடி பாத்திருக்கேனே."

அத்தான் உள்ளங்கையை இன்னும் அழுத்தி மூடினார். கேமரா கண்ணோடு ஒட்டியபடியே இருந்தது, கண்ணாடிக்குள் அக்கா சின்னதாகத் தெரிந்தாள்.

"கைய எடுங்க" என்றாள் அக்கா அவரிடம்.

"எடுத்தா மெஷின் நின்னுடும்."

"நிக்கட்டும்."

அவர் எடுக்கவில்லை. அக்கா மேசையைப் பிடித்துக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்து, அவர் மணிக்கட்டைப் பற்றி, சிப்பின் மேலிருந்து கையை அகற்றி, குழந்தையின் கையைப் பிடிப்பது போலத் தன் பக்கம் இழுத்துவைத்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். முப்பத்தைந்து வருடத்தில் அவள் என்னை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

"எடுடி."

அழுத்தினேன். அறை வெளுத்து அடங்கியது. திரையில் ஒரு வயலின் மூன்று வரப்புகள் விழுந்திருந்தன. நாலாவது பாதியில் நின்றுவிட்டது. யாரும் கைதட்டவில்லை.

அக்கா அவர் கையை விடவில்லை. "அப்பா கடைசியா பேசினது உங்ககிட்டதான். நான் வாசல்ல நின்னு கேட்டேன். சின்னவள பாத்துக்கங்க மாப்ள, தெரியாம பண்ணிட்டான்னு சொன்னார். நீங்க அவர் தலைமாட்டுல உக்காந்து, சரி மாமான்னு சொன்னீங்க" என்றாள்.

அப்பா அப்படிச் சொன்னது எனக்கு அந்த நிமிடம்வரை தெரியாது.

அத்தான் நாற்காலியைத் தேடிக் கையை வீசினார், கைக்கு எதுவும் அகப்படவில்லை. எழுபது வயது மனிதர், எல்லோர் முன்னிலும், மனைவி பிடித்த பிடியில் நின்றுகொண்டிருந்தார். எனக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. நான் ஃபிலிமைச் சுற்றி அடுத்த படத்துக்குத் தயாரானேன்.